பன்னிரண்டை எங்கே வைப்பது

சிம்பாங் ரெங்கம்
8-3-2603, திங்கள், காலை மணி 11
வந்த பிள்ளைகள்: 31

செல்வராணிக்கு,

தேதியைப் பார்த்துத் திகைக்காதே. தோட்டத்து ஆபீஸில் ஜப்பான் வருஷமும் டோக்கியோ நேரமும்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு. நீ 1943 என்றும், நம் பழைய ஒன்பதரை மணி என்றும் படித்துக்கொள்.

உன் கடிதத்தை லாரிக்கார வேலு நேற்றுக் கொடுத்தான். அது எனக்கு எழுதியதா, உன் பள்ளிக்கூடத்துக்கு எழுதியதா? காளியம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா, மூர்த்தி இன்னும் விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்து எண்ணுகிறானா, ராசம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறாளா என்று முதல் பக்கம் முழுக்கப் பிள்ளைகள். இரண்டாம் பக்கத்தின் அடியில் "தங்கள் இருமல் எப்படி" என்று ஒரு வரி. குழந்தை யார் ஜாடை என்று அந்த ஒரு வரிகூட இல்லை. பிரசவம் ஆன பிறகு ஒருநாள் பாஸ் வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். உன் அப்பா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். உன்னோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. குழந்தையின் முகத்தைத் துணிக்குள் பாதிதான் பார்த்தேன். மூக்கு யாருடையது என்றாவது எழுது.

நீ கேட்டதற்குப் பதில். காய்ச்சல் விட்டது. ஒளித்துத்தான் எண்ணுகிறான். தூக்கிக்கொண்டுதான் வருகிறாள். இருமல் இருக்கிறது.

வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்குக் கிளம்பும்போது, "எஞ்சின் சும்மாதானே கிடக்கு, நான் வர்ற வரைக்கும் வகுப்பப் பாத்துக்குங்க" என்றாய். டீசல் இல்லாமல் தோட்டத்து எஞ்சின்தான் கிடக்கிறது. நான் கிடக்கவில்லை. அதைத் தேங்காய் எண்ணெயில் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் உன் வகுப்பு, மத்தியானம் என் எஞ்சின். இரண்டில் எஞ்சின் சொன்னபடி கேட்கிறது.

சிங்கப்பூர் தொழிற்பள்ளியில் ஃபிட்டர் வேலை படித்த மூன்று வருஷமும் எங்களுக்கு யாரும் கணக்கை ஊட்டிவிடவில்லை. கரும்பலகையில் எழுதுவார்கள், நாங்கள் படிப்போம். இங்கே மூன்றாம் வாய்ப்பாடு சொல் என்றால் காளியம்மா எழுந்து, "வாத்தியாரே, வெளிய போலாம்" என்கிறாள்.

"ஏன்?"

"டீச்சர் ரப்பர் எலயிலதான் சொல்லிக்குடுப்பாங்க. ஒரு காம்புல மூணு எல. நாலு காம்பு புடுங்குனா பன்னெண்டு."

"நாலாம் வாய்ப்பாடு?"

"ஆட்டுக் காலு."

"அஞ்சு?"

"பிளிம்பிங் பழத்த குறுக்க அறுத்தா அஞ்சு மூலை."

"ஏழு?"

கொஞ்சம் யோசித்தாள். "ஏழுக்கு டீச்சர் வந்து சொல்லுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஏழாம் வாய்ப்பாட்டை முழுசாகப் பலகையில் எழுதிப் போட்டேன். ஒருத்தரும் பார்த்து எழுதவில்லை. இலையை எண்ணுவது ஒரு கணக்கா?

ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி வந்து தலையை எண்ணிவிட்டுப் போனார். இருபதுக்குக் குறைந்தால் வகுப்பை மூடிவிட்டுப் பிள்ளைகளை மரவள்ளிக் காட்டுக்குக் களை பிடுங்க அனுப்புவாராம். முப்பத்தொன்று இருக்கிறது. நான் இருக்கும்வரை குறையாது.

அர்ச்சுனன்


பத்து பாகாட்
13-3-1943

அன்புள்ள அத்தானுக்குச் செல்வராணி வணக்கத்துடன் எழுதுவது. நானும் குழந்தையும் சுகம். தங்கள் சுகத்துக்கு முருகனை வேண்டுகிறேன்.

மூக்கு உங்களுடையதுதான். கோபமும். பால் ஒரு நிமிஷம் தாமதமானால் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு கத்துகிறாள், காரணம் கேட்பதில்லை.

தலையில் தேதி, மணி, எண்ணிக்கை போட்டு ஆரம்பித்திருக்கிறீர்களே, அது கடிதமா, எஞ்சின் குறிப்பா?

அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுதி முடித்ததும் வாசித்துப் பார்த்து, தானும் விசாரித்ததாகச் சேர்க்கச் சொல்வார். இப்போதே சேர்த்துவிடுகிறேன். ஊர் நிலவரம் சரியில்லை, சண்டை முடியும்வரை நான் இங்கேயே இருக்கலாம் என்பது அப்பாவின் எண்ணம். பிள்ளைகள் படிப்பு கெட்டுவிடும் என்று சொன்னேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆகையால் வகுப்பை விட்டுவிடாதீர்கள் அத்தான். அது ஓடினால்தான் நான் அங்கே திரும்ப முடியும்.

வேலு அண்ணனிடம் கணக்குப் போடும் மணிச்சட்டம் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். எதிரில் உப்புமீன் கடை வைத்திருக்கும் சீனர் தன் பழையதைப் பிள்ளைகளுக்கென்று கொடுத்தார். குழந்தை தூங்கும்போது நானும் தட்டிப் பார்த்தேன், நல்ல வேடிக்கை. அதைக் காளியம்மாவிடம் கொடுங்கள். சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் சீனக் கடையில் நின்று பார்த்தே பழகியவள் அவள். மற்றவர்களுக்கு அவளே காட்டுவாள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

இருமலுக்குத் துளசி போட்டுக் கொதிக்க வையுங்கள்.

தங்கள்
செல்வராணி


சிம்பாங் ரெங்கம்
22-3-2603, திங்கள், மத்தியானம் மணி 1
வந்த பிள்ளைகள்: 27

செல்வராணிக்கு,

மணிச்சட்டம் வந்தது. "பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்" என்ற உத்தரவும் வந்தது. ஒன்பது வயதுப் பெண் பாடம் நடத்த, நான் பக்கத்தில் உட்கார வேண்டும். நல்லது.

சட்டத்தை நான் பார்த்தேன். பழுது இருந்தது, சரி செய்துவிட்டேன். ஒவ்வொரு கம்பியிலும் நடுக்கட்டைக்கு மேலே இரண்டு மணி, கீழே ஐந்து மணி. மேல்மணி ஒன்றுக்கு ஐந்து மதிப்பு, கீழ்மணிக்கு ஒன்று. பத்து சேர்ந்ததும் பக்கத்துக் கம்பியில் ஒன்று ஏற்றுகிறோம். அப்படியானால் ஒரு கம்பி ஒன்பதுவரை காட்டினால் போதும். மேலே ஒன்று, கீழே நான்கு. மிச்சமெல்லாம் வீண் சுமை. குளுவாங் ஆபீஸில் ஜப்பான்காரர் தட்டும் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். உன் சீனருக்கு இத்தனை வருஷம் இது தோன்றவில்லை போலிருக்கிறது.

ஓரக்கட்டையைக் கழற்றி, கம்பிக்கு இரண்டு மணி எடுத்துவிட்டு, மறுபடி அடித்து இறுக்கினேன். ஒரு கீறல் விழவில்லை. எடுத்த மணிகளை ராசம்மாவின் தம்பிக்கு விளையாடக் கொடுத்தேன். அவன் அவற்றைச் சாக்கடையில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்தான்.

இனி உன் மாணவி செய்ததைக் கேள். ஒரு ஆளுக்கு ஆறு தாஹில் அரிசி, மூன்று ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டேன். காளியம்மா ஆறு வைத்தாள். இன்னொரு ஆறு வைக்கப் போய்க் கையை எடுத்துவிட்டாள்.

"வாத்தியாரே, பன்னெண்ட எங்க வெக்கிறது?"

"பக்கத்துக் கம்பியில ஒண்ணு, இதுல ரெண்டு."

"அது கட்டியாச்சே!"

"என்ன கட்டி?"

"கட்டி வாத்தியாரே! கட்டி!"

சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். மூர்த்தி எழுந்து சட்டத்தைப் பார்த்தான். "அலமாக், வாத்தியார் மணியத் தின்னுட்டாருலா!" வகுப்பே உருண்டு சிரித்தது. அடுத்த நாள் நான்கு பேர் வரவில்லை. அவர்களில் காளியம்மாவும் ஒருத்தி.

ஒரு கேள்வி. "அது ஓடினால்தான் நான் திரும்ப முடியும்" என்று எழுதியிருக்கிறாய். அதாவது, அந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் இங்கே திரும்ப உனக்கு வேறு காரணம் இல்லை. அப்படித்தானே? ஆம் அல்லது இல்லை என்று எழுது.

அர்ச்சுனன்


பத்து பாகாட்
27-3-1943

அன்புள்ள அத்தானுக்கு,

குழந்தை சுகம். அப்பா விசாரித்தார்.

பதினாறு தாஹில் சேர்ந்தால் ஒரு கட்டி. பத்து சேர்ந்தால் இல்லை. கடையில் எடை போடும்போது ஒரு கம்பியை முழுக்கத் தாஹிலுக்கு வைத்துக்கொள்வார்கள். மேலே இரண்டு ஐந்து, கீழே ஐந்து ஒன்று, ஆகப் பதினைந்து வரை ஒரே கம்பியில் நிற்கும். பதினாறாவது வந்ததும் அத்தனையையும் தள்ளிவிட்டுப் பக்கத்தில் ஒரு கட்டி. அதற்காகத்தான் அந்த மணிகள். நீங்கள் சொன்னபடி வைத்தால் ஒரு கட்டி இரண்டு தாஹில் ஆகிவிடும், கூடுதலாக. அதைத்தான் காளியம்மா சொல்லியிருக்கிறாள். அழாமல் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மணியைப் பிடுங்கும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சீனருக்குத் தோன்றவில்லை என்று எழுதிவிட்டீர்கள். அதை அப்பாவும் வாசித்தார்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இந்தக் கடிதத்தில் பதில் எழுத முடியவில்லை.

செல்வராணி


சிம்பாங் ரெங்கம்
12-4-2603, திங்கள், காலை மணி 11
வந்த பிள்ளைகள்: 18

செல்வராணிக்கு,

மணி விஷயத்தில் தப்பு என்னுடையது. புரிந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பதினெட்டு என்பதும் சரியான எண்ணிக்கைதான். வருகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், வராதவர்கள் விறகு பொறுக்குகிறார்கள். பெரிய கிராணி தவணை கொடுத்திருக்கிறார். இருபத்தாறாம் தேதி வந்து எண்ணுவார். அன்றைக்கும் இருபது இல்லையென்றால் மரவள்ளிக் காடு.

பிள்ளைகள் குடியிருக்கும் லயத்தில் நான்கு வாசலில் போய் நின்று கூப்பிட்டால் ஐந்தாறு பேர் வந்துவிடுவார்கள். நான் கூப்பிடவில்லை. காரணத்தை மறைக்க எனக்குத் தெரியாது. வகுப்பு மூடினால் நீ வருகிறாயா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் இல்லை, பலகை இல்லை, நான் மட்டும் இருக்கிறேன். அப்போதும் லாரியில் ஏறி வந்தால் எனக்காக வந்தாய் என்று அர்த்தம். வராவிட்டாலும் அர்த்தம் தெரிந்துவிடும்.

பொறாமை என்பாய். ஆமாம். எண்ணெய் போட்டு வாராத தலையோடு திரியும் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. அவள் காய்ச்சலுக்கு நீ அரைப் பக்கம் எழுதுகிறாய். அவள் "டீச்சர்" என்று சொல்லும்போது கண் விரிகிறது. அந்த மாதிரி ஒருத்தரும் என்னைச் சொல்வதில்லை. போன வாரம் எஞ்சினைத் தேங்காய் எண்ணெயில் ஓட்டிவிட்டேன். கால் மணி நேரம் நிற்காமல் ஓடியது. பார்க்க ஒரு பிள்ளை வரவில்லை. வேலு மட்டும் நின்று பார்த்து, "என்னாலா இது, பணியாரம் சுடுற வாசனை வருது" என்றான். உனக்கு எழுதலாம் என்று வந்து உட்கார்ந்தேன். நீ மூர்த்தியைப் பற்றித்தான் கேட்பாய் என்று எழுதவில்லை.

பதில் எழுத முடியவில்லை என்றாய். அதுவே பதில் என்று எடுத்துக்கொள்ளட்டுமா?

அர்ச்சுனன்


பத்து பாகாட்
17-4-1943

அத்தான்,

அப்பா யோங் பெங்குக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்கிறார், மாலைக்குள் வந்துவிடுவார். நல்ல வேளை, உங்கள் கடிதம் அவர் கண்ணில் படவில்லை. வேலு அண்ணன் வாசலில் பெட்ரோலுக்குப் பதில் லாரிக்குக் கரி போட்டுக்கொண்டு அவசரப்படுத்துகிறார். அதனால் சுகம் விசாரிக்கவில்லை.

உங்களுக்கு அறிவு இருக்கிறதா?

வகுப்பு மூடப் போகிறது என்று வேலு அண்ணன் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா நேற்றுச் சாப்பிட உட்காரும்போதே ஆரம்பித்தார். "பள்ளிக்கூடந்தான் மூடப் போறாங்களாமே. அப்புறம் நீ எதுக்கும்மா அந்தக் காட்டுக்குப் போவணும்? சண்ட முடியட்டும். மாப்பிள்ள வேணும்னா வந்து பாத்துட்டுப் போவட்டும்."

நான் என்ன சொல்வேன்? "அப்பா, எனக்கு என் புருஷனோட இருக்கணும்"னு சொல்லவா? எந்தப் பெண் எந்த அப்பாவிடம் அப்படிச் சொன்னாள்? அம்மா உயிரோடு இருந்தால் அவளிடம் ஜாடையாகச் சொல்லியிருப்பேன். சின்னம்மாவிடம் சொன்னால் தெருவே சிரிக்கும். "பிள்ளைகள் படிப்பு" என்றால் மட்டும் அப்பா வாயைத் திறப்பதில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் "என் மக டீச்சரு" என்று சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். அந்த ஒரு காரணத்தைத்தான் இங்கே வந்த நாளிலிருந்து முந்தானையில் முடிந்து காப்பாற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் அதைப் பதினெட்டாக்கி, தேதி மணியோடு எழுதி அனுப்புகிறீர்கள்.

முதல் பக்கம் முழுக்கப் பிள்ளைகள் என்று குறைப்பட்டீர்களே. அப்பா வாசிக்கும் பக்கத்தில் வேறு யாரைப் பற்றி எழுதுவேன்? இருமல் எப்படி என்று ஒரு வரி எழுதுவதற்குள் அவர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார்.

பிள்ளைகள் மேல் ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. நீங்கள் பொறாமைப்படும் அளவுக்கே இருக்கிறது. அது வேறு, இது வேறு.

எஞ்சின் ஓடியது எனக்குத் தெரியும், உங்கள் கடிதம் வரும் முன்பே வேலு அண்ணன் சொன்னார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் அவளிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது?

போய்க் காளியம்மாவைக் கூப்பிடுங்கள். வாத்தியாராகப் போகாதீர்கள்.

கரி பற்றிக்கொண்டது. முடிக்கிறேன்.

உங்கள்
ராணி


சிம்பாங் ரெங்கம்
26-4-2603, திங்கள், மத்தியானம் மணி 2
வந்த பிள்ளைகள்: 21

ராணிக்கு,

உன் கடிதத்தை எஞ்சின் கொட்டகையில் நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். அதைப் பற்றி எழுத்தில் சொல்ல எனக்கு வராது.

அன்று மாலையே காளியம்மாவைத் தேடிப் போனேன். வீட்டில் இல்லை. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பின்னால் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் வகுப்புக்கு வராத பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே. தரையில் குச்சியால் மூன்று நீளக் கோடு கீறி, குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டிருந்தார்கள். மூங்கிலுக்கு மேலே இரண்டு பேர், கீழே ஐந்து பேர். பிள்ளைகளே மணிகள். முதல் கோடு தாஹில், அடுத்தது கட்டி, அடுத்தது பத்துக் கட்டி. காளியம்மா ஒரு மண்ணெண்ணெய் டின் மேல் ஏறி நின்று கணக்குச் சொல்கிறாள். சொன்னதும் மணிகள் மூங்கிலைத் தொட ஓடுகின்றன. பதினாறு ஆனால் தாஹில் கோட்டில் நிற்கிற எல்லாரும் "கட்டி!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓட, பக்கத்துக் கோட்டில் ஒருத்தன் மட்டும் முன்னால் வருகிறான். தப்பாக ஓடியவன் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நான் பிடுங்கிய மணிக்குப் பதிலாக அவர்களே நின்றுகொண்டார்கள்.

மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எரிந்தது, பொய் சொல்லவில்லை. வாத்தியாரே இல்லாமல் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வகுப்பு நடக்கிறது.

மூர்த்திதான் முதலில் பார்த்தான். காளியம்மா டின்னிலிருந்து இறங்கவில்லை.

"நானும் சேந்துக்கலாமா?" என்றேன்.

"மணியப் புடுங்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

அவள் தாஹில் கோட்டை எண்ணிப் பார்த்தாள். "மேல ஒரு ஆளு கொறையுது. நீங்க அஞ்சு. சும்மா நில்லுங்க, கூப்பிட்டா மட்டும் வாங்க."

நின்றேன். முதல் கணக்கிலேயே தப்பாக ஓடினேன். ஒற்றைக் காலில் நிற்கவைத்தாள். ராசம்மாவின் தம்பி என்னைச் சுற்றி வந்து கைதட்டினான். மறுநாளிலிருந்து வகுப்பு அங்கேதான். கரும்பலகையையும் அங்கே தூக்கிப் போய்விட்டேன். என் பதினெட்டில் அதற்குள் ஆறேழு பேர்தான் மிச்சம், மூன்று கோட்டையும் நிரப்ப ஆள் தேடிப் பிள்ளைகளே லயம் லயமாகப் போனார்கள்.

இன்று காலை பெரிய கிராணி வந்தார். ஒரு கோட்டுக்கு ஏழு பேர், மூன்று கோட்டுக்கு இருபத்தொன்று. எண்ணிக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றுவிட்டார்.

"நீங்க எதுக்கு வரிசையில நிக்கிறீங்க?"

"நான் அஞ்சு" என்றேன்.

என்னைக் கழித்துவிட்டு, டின் மேல் நின்றவளைச் சேர்த்துக்கொண்டார். இருபத்தொன்று. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். என் திருத்தத்தின்படி கோட்டுக்கு ஐந்து மணி என்றால் பதினைந்து பேரோடு ஆட்டம் முடிந்திருக்கும், ஆள் தேடி லயம் லயமாக அவர்கள் போயிருக்கமாட்டார்கள். வகுப்பு இன்றோடு போயிருக்கும். மரவள்ளிக் காட்டுக்கு இப்போது யாரும் போகவில்லை.

பொறாமை தீர்ந்ததா என்று கேட்காதே. நீ வந்து இறங்கிய நிமிஷமே இந்தக் கழுதைகள் என்னை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள். அதை நினைத்தால் இப்போதே எரிகிறது.

உன் காரணம் மறுபடி உயிரோடு இருக்கிறது. அப்பாவிடம் நீ சொல்லிக்கொள்ளலாம். நான் அதைச் சொல்லப் போவதில்லை. இனி நான் செய்யப் போவது:

1. இந்தக் கடிதத்தை வேலுவிடம் இன்றே கொடுப்பேன். மாமா வாசிக்கட்டும். அவரும் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2. பெரிய கிராணியிடம் இரண்டு நாள் பாஸ் கேட்பேன். சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள் என்றும், ரோட்டில் தனியாகப் போகிறவனை லாரியில் ஏற்றிவிடுகிறார்கள் என்றும் பேச்சு. அதனால் முத்திரை குத்திய பாஸ் இல்லாமல் கிளம்பமாட்டேன். கிடைக்கும்வரை அவர் ஆபீஸ் படியைவிட்டு இறங்கவும் மாட்டேன்.

3. இரண்டு நாளும் வகுப்பைக் காளியம்மா நடத்துவாள். என் இடத்தில் ஐந்தாக நிற்க வேலுவின் கிளீனரைக் கேட்டிருக்கிறேன்.

4. பத்து பாகாட் வந்ததும் மாமா முன்னால் நிற்பேன். நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டேன். பிள்ளைகள் படிப்பு என்று சொல்லமாட்டேன். "எனக்கு என் பெண்டாட்டி என்னோட இருக்கணும் மாமா, கூட்டிப் போக வந்திருக்கேன்" என்று சொல்வேன். உனக்கு வெட்கமாக இருந்தால் அடுப்படிக்குப் போய்விடு. ஆனால் காதில் விழும்படி நில்.

5. லாரியில் திரும்பும்போது குழந்தையை நான்தான் வைத்திருப்பேன். பிள்ளைகள் உன் மேல் வந்து விழும் நேரத்தில் எனக்கும் கையில் ஒரு ஆள் வேண்டும்.

உன்
அர்ச்சுனன்